கணவர் கண்காணிப்பதாகச் சந்தேகிக்கும் போனை என்ன செய்வது: விட்டுவைப்பதா, துடைப்பதா, மாற்றுவதா?

இதைப் படிக்கும் போனை வீட்டில் இன்னொருவர் எடுத்துப் பார்ப்பது வழக்கமா? அப்படியென்றால் இப்போதைக்கு மூடிவிட்டு, வேலை செய்யும் இடத்திலோ அக்கா வீட்டிலோ வேறு போனில் படியுங்கள். மூடும்போது ஹிஸ்டரி முழுவதையும் அழித்துவிடாதீர்கள். நேற்றுவரை நிறைந்து கிடந்த பட்டியல் இன்று காலியாக இருந்தால் அதுவே ஒரு விசாரணையைக் கிளப்பும். குரோம் ஹிஸ்டரியில் இந்த ஒரு வரியை மட்டும் எடுத்தால் போதும். கூகுளில் தேடி வந்திருந்தால், தேடிய சொல் உங்கள் கூகுள் கணக்கின் 'மை ஆக்டிவிட்டி' பக்கத்திலும் இருக்கும். அதையும் தனியாக எடுக்க வேண்டும்.

கணவரோ அவர் வீட்டாரோ போன் வழியாகக் கண்காணிக்கிறார்கள் என்று தோன்றும்போது நான்கு வழிகள் உண்டு. போனை அப்படியே விட்டுவைத்து, வேறொரு தொடர்பு வழி ஏற்படுத்திக்கொள்வது ஒன்று. அதே போனில் அவருடைய பிடிகளை ஒவ்வொன்றாக அறுப்பது இரண்டாவது. ஃபேக்டரி ரீசெட் போட்டு மொத்தமாகத் துடைப்பது மூன்றாவது. புது போன், புது சிம் என்று மாறிவிடுவது நான்காவது. பொதுவாக யாரிடம் கேட்டாலும் "முதலில் ரீசெட் போடு, பாஸ்வேர்டை மாற்று" என்பார்கள். வங்கி மோசடிக்காரனைப் பொறுத்தவரை அது சரியான அறிவுரை. ஒரே வீட்டில் இருக்கும் ஆளைப் பொறுத்தவரை அது ஆபத்தான அறிவுரை, ஏனென்றால் கதவு சாத்தப்பட்டது அவருக்கு அன்று இரவே தெரிந்துவிடும்.

அவருக்கு எப்படித் தெரிகிறது?

எந்த வழி என்று முடிவெடுக்குமுன் இதைக் கணிக்க வேண்டும். உளவுச் செயலி என்ற எண்ணம்தான் முதலில் வரும். ஆனால் நியூயார்க்கில் கார்னெல் டெக் ஆய்வாளர்கள் இதற்கென்றே நடத்தும் உதவி மையம் முதல் நம்மூர் ஆலோசகர்கள் வரை, திரும்பத் திரும்பப் பார்ப்பது சாதாரண விஷயங்களைத்தான்: அவருக்குத் தெரிந்த பாஸ்வேர்டு, அவர் பெயரில் உள்ள சிம், லாக் ஆகாத போன்.

ஒரு கேள்வியில் பாதி விடை கிடைத்துவிடும். இந்த போனை முதன்முதலில் செட் பண்ணிக் கொடுத்தது யார்? கணவரோ கொழுந்தனோ ஒரு ஜிமெயில் திறந்து கொடுத்திருந்தால், அதன் பாஸ்வேர்டு அவர்களிடம் இருக்கும். பாஸ்வேர்டு மறந்தால் கணக்கை மீட்க உதவும் ரெகவரி எண்ணும் அவர்களுடையதாகவே இருக்கும். அதற்குமேல் அவர்களுக்கு எந்தச் செயலியும் தேவையில்லை. போன் இருக்கும் இடம், தொலைந்த போனைத் தேடும் கூகுளின் 'ஃபைண்ட் ஹப்'பில் தெரியும். எடுத்த படம் கூகுள் போட்டோஸில் தெரியும். குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் பட்டியலாகவே கிடைக்கும். ஹாலில் இருக்கும் ஸ்மார்ட் டிவியிலும் அதே கணக்கு லாக்இன் ஆகியிருந்தால் கதை இன்னும் மோசம். மதியம் நீங்கள் சமையலறையில் நின்று போனில் 'ஜீவனாம்சம் எப்படிக் கேட்பது' என்று ஒரு வீடியோ பார்த்தால், இரவு டிவியில் யூடியூப் திறந்ததும் அதே வகை வீடியோக்கள் முதல் வரிசையில் வந்து நிற்கும்.

அடுத்தது வாட்ஸ்அப். மூன்று புள்ளியைத் தொட்டு 'லிங்க்டு டிவைசஸ்' போனால், உங்கள் கணக்கு வேறு எந்தக் கணினியிலோ போனிலோ திறந்திருக்கிறது, கடைசியாக எப்போது இயங்கியது என்று காட்டும். ஒரு கணக்கை 4 சாதனங்கள்வரை இணைக்கலாம். ஒருமுறை இணைத்துவிட்டால் உங்கள் போன் அணைந்திருந்தாலும் அங்கே செய்தி போய்க்கொண்டுதான் இருக்கும். பலருக்குத் தெரியாத இன்னொன்று, கூகுள் மெசேஜஸ் செயலியில் உள்ள 'டிவைஸ் பேரிங்'. அது இணைந்திருந்தால் உங்கள் எஸ்எம்எஸ் எல்லாம், ஓடிபி உட்பட, இன்னொரு கணினியின் திரையில் ஓடும். நீங்கள் எத்தனை பாஸ்வேர்டு மாற்றினாலும் பயனில்லை.

கைரேகைப் பட்டியலையும் பாருங்கள். செட்டிங்ஸில் ஃபிங்கர்பிரின்ட் பகுதியில் நீங்கள் ஒரு விரலை மட்டும் பதிந்த நினைவிருக்க, அங்கே 'ஃபிங்கர்பிரின்ட் 2' என்று இருந்தால் அது யாருடைய விரல்? தூங்கும்போது உங்கள் விரலையே வைத்துத் திறப்பதும் நடக்கிறது. அதனால் இந்தச் சூழலில் கைரேகையைவிட 6 இலக்க எண் பூட்டு மேல்.

உளவுச் செயலிக்கு வருவோம். ஆண்ட்ராய்டில் அதைப் போட, போன் சில நிமிடம் கையில் கிடைக்க வேண்டும். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து இறக்குவார்கள். அதற்காக, கெட்ட செயலிகளைப் பிடிக்கும் கூகுளின் பிளே புரொடெக்டை அணைத்துவைப்பார்கள். ஐகான் தெரியாது, பெயர் 'சிஸ்டம் சர்வீஸ்' போல சாதுவாக இருக்கும். பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு: பிளே ஸ்டோரில் புரொஃபைல் படத்தைத் தொட்டு பிளே புரொடெக்ட் இயங்குகிறதா என்பது; செட்டிங்ஸில் அக்ஸசிபிலிட்டி அனுமதி பெற்ற செயலிகள்; டிவைஸ் அட்மின் செயலிகள்; நோட்டிஃபிகேஷன் அக்ஸஸ் பெற்றவை. நீங்கள் போடாத பெயர் இந்த இடங்களில் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. அதை உடனே அழிக்காதீர்கள், காரணம் பின்னால் வருகிறது. பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது, போன் சுடுகிறது என்பவை சான்றல்ல. மூன்று வருடப் பழைய போன் எதுவும் அப்படித்தான் இருக்கும்.

செட்டிங்ஸைக் கிண்டாமலே கணிக்க ஒரு வழி உண்டு. அவர் வாயிலிருந்து வந்ததைக் கணக்குப் பாருங்கள். நீங்கள் எங்கே போனீர்கள் என்பது மட்டும் தெரிகிறது, என்ன பேசினீர்கள் என்பது தெரியவில்லை என்றால் இருப்பிடப் பகிர்வு. வாட்ஸ்அப்பில் எழுதியதை வார்த்தை மாறாமல் சொல்கிறார், எஸ்எம்எஸ் பற்றித் தெரியவில்லை என்றால் லிங்க்டு டிவைஸ். தேடியது, பார்த்தது தெரிகிறது என்றால் கூகுள் கணக்கு. சமையலறையில் வாய்விட்டுப் பேசியது தெரிகிறது என்றால் ஹாலில் மாட்டிய கேமராவின் மைக்கைப் பாருங்கள். எல்லாமே தெரிகிறது என்றால்தான் உளவுச் செயலியை முதலில் நினைக்க வேண்டும். மாமியாரோ பக்கத்து வீட்டுக்காரரோ சொல்லித் தெரிந்திருக்கவும் கூடும். அதற்குப் பாஸ்வேர்டு மாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை.

வழி ஒன்று: போன் அப்படியே இருக்கட்டும், பேச்சு வேறிடத்தில்

இன்னும் அதே வீட்டில் இருக்கிறீர்கள் என்றால், எங்கள் பார்வையில் இதுதான் முதல் தேர்வு. பழைய போனில் எதையும் மாற்றாதீர்கள். அம்மாவிடம் பேசுவது, பள்ளிக் குழுவில் 'ஓகே மிஸ்' போடுவது, சீரியல் பார்ப்பது எல்லாம் அதிலேயே வழக்கம்போல நடக்கட்டும். அவர் பார்த்துக்கொண்டிருக்கும் திரையில் ஒன்றும் மாறக்கூடாது. வக்கீல், உதவி எண், பணம், வீடு தேடல் மட்டும் வேறு வழியில்.

அந்த வேறு வழிக்குள்ளேயே தேர்வுகள் உண்டு. நம்பிக்கையான தோழியின் போன் செலவில்லாதது, வேகமானது. ஆனால் அதில் உங்கள் பழைய ஜிமெயிலைச் சேர்த்துவிடக் கூடாது. சேர்த்த மறுநிமிடம் அந்தப் போன் உங்கள் கணக்கின் சாதனப் பட்டியலில் பெயரோடு ஏறிவிடும். 'புதிய சாதனத்தில் லாக்இன்' என்ற எச்சரிக்கை உங்கள் போனுக்கும் ரெகவரி முகவரிக்கும் போகும். அந்தப் போனில், ஹிஸ்டரி பதியாத இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்து, புதிதாக ஒரு மின்னஞ்சல் உருவாக்குங்கள். அதில் உங்கள் பெயரோ பிறந்த வருடமோ வேண்டாம். ரெகவரி எண்ணாகப் பழைய எண்ணைக் கொடுக்க வேண்டாம். பாஸ்வேர்டைச் சேமிக்கட்டுமா என்று குரோம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ப்ரவுசிங் சென்டர், சிறிய ஊரில் நல்ல யோசனையல்ல. அடையாள அட்டை காட்ட வேண்டும், பதிவேட்டில் பெயர் ஏறும், கடைக்காரர் பெரும்பாலும் அவருக்கும் தெரிந்தவர். பெருநகரத்தில் பரவாயில்லை. அண்ணா நூற்றாண்டு நூலகம் மாதிரிப் பெரிய பொது நூலகத்துக் கணினி இன்னும் நல்லது, ஏனென்றால் அங்கே போனதற்கு வேறு காரணம் சொல்லலாம். பொதுக் கணினியில் வங்கிப் பக்கத்தை மட்டும் திறக்காதீர்கள்.

பட்டன் போன் நம்மூருக்குப் பொருத்தமான வழி. 1,000 முதல் 1,500 ரூபாய்க்குள் கிடைக்கிறது, சார்ஜ் நாள் கணக்கில் நிற்கிறது, உளவுச் செயலியும் பெரும்பாலும் அதில் ஏறாது. குறை இதுதான்: கண்டுபிடித்தால் கால் லாக்கும் எஸ்எம்எஸ்ஸும் திறந்த புத்தகம். எண்களை அதில் சேமிக்காமல், ஒவ்வொரு அழைப்புக்குப் பின்னும் லாக்கை அழிக்க வேண்டும். சைலன்டில் போடுவது போதாது, வைப்ரேஷனையும் அணைக்க வேண்டும். பீரோவுக்குள் மரப்பலகைமேல் அதிரும் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்கும். வீட்டில் வைக்காமல் வேலை செய்யும் இடத்தில் வைக்க முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. பைகளையெல்லாம் சோதிக்கும் கணவர் என்றால் இரண்டாவது போனே வேண்டாம். கிடைத்தால் வரும் அடி, கிடைக்காததால் வரும் வசதியைவிடப் பெரிது. அங்கே தோழியின் போனே சரி.

வழி இரண்டு: அதே போனில் பிடிகளை அறுப்பது

இதில் ஒவ்வொரு அறுப்புக்கும் ஒரு சத்தம் உண்டு. அந்தச் சத்தம் அவர் காதில் எப்படி விழும் என்று தெரிந்துகொண்டு செய்தால் இது நல்ல வழி. தெரியாமல் செய்தால் நான்கிலும் இதுவே மோசம்.

சத்தமில்லாதவை முதலில். லாக் ஸ்க்ரீனில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாமல் செய்வது, கேள்வியே எழுப்பாத மாற்றம். ஒரு குறிப்பிட்ட தேடலை மட்டும் மை ஆக்டிவிட்டியில் அழிப்பதும் அப்படியே. ஏற்கெனவே லாக்இன் ஆகியிருக்கும் கணினியில் ஜிமெயிலைத் திறந்து, செட்டிங்ஸில் 'ஃபார்வர்டிங்' பகுதியைப் பார்ப்பது எந்தத் தடயமும் விடாது. அங்கே அவருடைய முகவரி இருந்தால், உங்களுக்கு வரும் எல்லா மடலின் நகலும் அவருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பாஸ்வேர்டு மாற்றினாலும் இந்தக் குழாய் அடைபடாது. தனியாக எடுத்தால்தான் நிற்கும். எடுத்தால் அவர் பக்கம் எச்சரிக்கை மணி அடிக்காது, ஆனால் மடல் வரத்து நின்றுபோனதை நாளடைவில் கவனிப்பார்.

நடுத்தரச் சத்தம்: வாட்ஸ்அப் லிங்க்டு டிவைஸை வெளியேற்றுவது. அவர் மறுபடி திறக்கும்போது உரையாடல்களுக்குப் பதில் க்யூஆர் கோடு நிற்கும். சில சமயம் தானாகவும் இப்படி வெளியேறும் என்பதால் சமாளிக்க இடமுண்டு. முதன்மை போன் 14 நாள் பயன்படாமல் இருந்தால் இணைத்தவை தாமாகவே கழன்றுவிடும். இருப்பிடப் பகிர்வை அணைப்பதும் இந்த ரகம். 'சார்ஜ் போய்விட்டது, லொகேஷன் அணைந்திருக்கிறது' என்று ஓரிருமுறை சொல்லலாம், தினமும் சொல்ல முடியாது. போனை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போவது இதைவிட இயல்பான காரணம்.

பெரிய சத்தம்: கூகுள் பாஸ்வேர்டை மாற்றுவது. அவருடைய சாதனத்தில் உடனே கணக்கு அறுந்து, மறுபடி லாக்இன் கேட்கும். ரெகவரி எண் அவருடையது என்றால் அவர் ஐந்து நிமிடத்தில் 'ஃபர்கெட் பாஸ்வேர்டு' போட்டுத் திரும்ப உள்ளே வருவார், இந்த முறை உங்களை வெளியே தள்ளிவிட்டு. அதனால் வரிசை முக்கியம்: முதலில் ரெகவரி எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றுவது, பிறகு பாஸ்வேர்டு, பிறகு 'யுவர் டிவைசஸ்' பட்டியலில் தெரியாதவற்றை வெளியேற்றுவது, பிறகு, பாஸ்வேர்டோடு இரண்டாவது சோதனையும் கேட்கும் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. ரெகவரி எண்ணை மாற்றியபின்னும் 7 நாள்வரை பழைய எண்ணுக்கே குறியீடு அனுப்ப கூகுள் முன்வரலாம். எனவே வெளியேறும் நாளன்று காலையில் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. கணக்கே அவர் உருவாக்கியது என்றால், அதை மீட்கப் போராடுவதைவிடப் புதுக் கணக்குக்கு மாறுவது எளிது. பழையதில் உள்ள படங்களையும் ஆவணங்களையும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி எடுத்துக்கொண்டால் போதும்.

உளவுச் செயலியை அழிப்பது எல்லாவற்றிலும் உரத்த சத்தம். அவருடைய திரையில் புதிய தகவல் வருவது அந்தக் கணமே நின்றுவிடும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி கூடுதல். ஐஓஎஸ் 16 முதல் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' கீழே 'சேஃப்டி செக்' இருக்கிறது. அதில் 'எமர்ஜென்சி ரீசெட்' எல்லாப் பகிர்வையும் ஒரே மூச்சில் அறுக்கும். 'மேனேஜ் ஷேரிங்' எது யாரிடம் போகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டும். வீட்டில் இருக்கும்வரை இரண்டாவதைத் திறந்து பார்ப்பதோடு நில்லுங்கள். மேலே உள்ள 'குவிக் எக்ஸிட்' பொத்தான் உடனே முகப்புத் திரைக்குக் கொண்டுபோகும்.

வழி மூன்று: ஃபேக்டரி ரீசெட்

செலவில்லை, சாதாரண உளவுச் செயலிகள் போய்விடும். நல்லது அவ்வளவுதான். ரீசெட் முடிந்ததும் போன் ஒரு ஜிமெயில் கணக்கைக் கேட்கும். பேக்கப்பிலிருந்து எடுக்கட்டுமா என்றும் கேட்கும். பழக்கத்தில் பழைய கணக்கையே கொடுத்து 'யெஸ்' தட்டினால், துடைத்த வீட்டுக்குள் பழைய சாவியோடு அவர் திரும்பி வந்துவிடுகிறார். புதுக் கணக்கில், பேக்கப் எடுக்காமல், செயலிகளை ஒவ்வொன்றாகப் பிளே ஸ்டோரிலிருந்து போட்டால்தான் ரீசெட்டுக்குப் பொருள் உண்டு. பழைய சிம் அவர் பெயரில் இருந்தால் அப்போதும் பாதிதான் தீர்கிறது.

பெரிய இழப்பு, சாட்சியம். மிரட்டல் குரல் செய்திகள், உளவுச் செயலி இருந்ததற்கான தடயம், அழைப்பு நேரங்கள் எல்லாம் ஒரே தட்டில் போய்விடும். வழக்குப் போடும் எண்ணம் துளியாவது இருந்தால் ரீசெட் வேண்டாம். பிரிந்து வந்து, வழக்கு முடிந்து, அந்தப் போனைப் பிள்ளைக்கோ அம்மாவுக்கோ கொடுக்கும் நாளில் போட்டுக்கொள்ளலாம்.

வழி நான்கு: புது போன், புது சிம்

வீட்டைவிட்டு வெளியேறுகிறவர்களுக்கு இதுவே முழுமையான வழி. இரண்டும் சேர்ந்துதான் மாற வேண்டும். புது சிம்மைப் பழைய போனில் போட்டால், உளவுச் செயலி இருக்கும் பட்சத்தில் சிம் மாறிய தகவலும் சேர்ந்தே போகும். பழைய சிம்மைப் புது போனில் போட்டால், அவர் பெயரில் உள்ள எண் என்பதால் டூப்ளிகேட் சிம் எடுத்துவிட அவரால் முடியும். அப்படி எடுத்ததும் உங்கள் சிம் செத்துவிடும். மாற்று சிம்முக்கு முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்திவைக்கப்படும் என்ற விதி கொஞ்சம் அவகாசம் தரும், அவ்வளவுதான்.

சிம் வாங்கும்போது கவனிக்க வேண்டியது, ஆதாரில் யாருடைய எண்ணும் மின்னஞ்சலும் பதிவாகியிருக்கின்றன என்பது. உங்கள் ஆதாரை எங்காவது பயன்படுத்தினால், பதிவான மின்னஞ்சலுக்கு அறிவிப்பு வரும். அது அவருடைய முகவரி என்றால், சிம் வாங்கிய செய்தி நீங்கள் வீடு திரும்புமுன் அவருக்குப் போய்விடும். வாக்காளர் அட்டையைக் காட்டி வாங்க முடியுமா என்று கேளுங்கள். மாற்று எண் ஒன்று கொடுக்கச் சொல்வார்கள். அதற்குத் தோழியின் எண்ணைக் கொடுங்கள். பணம் ரொக்கமாக. ஜிபேயில் கொடுத்தால் கடையின் பெயர் கணக்கு விவரத்தில் நிற்கும். உங்கள் அடையாளத்தில் ஏற்கெனவே எத்தனை சிம் இருக்கிறது என்று மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். ஒருவர் பெயரில் 9 வரை அனுமதி. நீங்கள் வாங்காத எண் உங்கள் பெயரில் ஓடுவது இங்கேதான் தெரியவரும்.

புது போன் கைக்கு வந்தபின் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் பழக்கத்தால் வருபவை. வீட்டு வைஃபையில் இணைப்பது: ரவுட்டரின் செயலியைத் திறந்தால் இணைந்த சாதனங்கள் பட்டியலில் புதுப் பெயர் நிற்கும். வாட்ஸ்அப்பில் 'சேஞ்ச் நம்பர்' போடுவது: நீங்கள் இருக்கும் குழுக்களுக்கெல்லாம் எண் மாறிய அறிவிப்பு தானாகப் போகும், கணவர் வீட்டுக் குழு உட்பட. அதைச் செய்யாமல் புது எண்ணில் புதுக் கணக்கு தொடங்குங்கள். டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனில் 6 இலக்க பின் போடுங்கள். திருமண நாளும் பிள்ளையின் பிறந்த நாளும் அவருக்கும் தெரியும்.

அழைப்பவரின் பெயரைக் காட்டும் ட்ரூகாலர் செயலி தனிக் கதை. நீங்கள் அதை நிறுவாவிட்டாலும், உங்கள் எண்ணை 'செல்வி புது நம்பர்' என்று சேமித்த சித்தி மகள் நிறுவியிருந்தால், அந்தப் பெயர் அங்கே ஏற வாய்ப்பிருக்கிறது. எண்ணைக் கொடுக்கும் நான்கைந்து பேரிடமும் வேறு பெயரில் சேமிக்கச் சொல்லுங்கள். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் இரண்டிலும் கான்டாக்ட் அனுமதியை மறுத்துவிடுங்கள். இல்லையென்றால் 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று அவருடைய திரையிலேயே வந்து நிற்பீர்கள்.

பழைய எண்ணை உடனே விட்டுவிடாதீர்கள். வங்கி, ஆதார், பள்ளி எல்லாவற்றுக்கும் ஓடிபி அதில்தான் வரும். உங்கள் பெயரில் உள்ள எண் என்றால் ஒரு பட்டன் போனில் போட்டு, எல்லாவற்றையும் மாற்றும்வரை ரீசார்ஜ் செய்து வைத்திருங்கள். மாற்றும் வரிசை: வங்கி, ஆதார், மின்னஞ்சல், மற்றவை. வங்கிக்கும் ஆதார் சேவை மையத்துக்கும் நேரில் போவதே பாதுகாப்பு. பழைய எண்ணுக்கு வரும் ஓடிபியை நம்பி இருக்க வேண்டாம்.

போனை மாற்றியும் தெரிந்துவிடுகிறதே?

தெரியும், ஏனென்றால் குடும்பமே ஒரு எண்ணில் பதிவாகியிருக்கும். ரேஷன் கடையில் அரிசி வாங்கினால் எஸ்எம்எஸ் அவருக்குப் போகும். மகளிர் உரிமைத் தொகை உங்கள் கணக்கில் ஏறினால் வங்கியின் செய்தி அவருக்குப் போகும். ஏடிஎம்மில் எடுத்தாலும் அப்படியே. குடும்பக் காரில் போனால் ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் ஃபாஸ்டாக் கழித்த பணம் சாவடியின் பெயரோடும் நேரத்தோடும் அவர் போனில் வரிசையாக விழும். எந்தச் சாலையில் எத்தனை மணிக்குப் போனீர்கள் என்பதற்கு வரைபடமே தேவையில்லை. கால் டாக்சி செயலியில் பயணப் பட்டியல், ரயில் முன்பதிவில் கொடுத்த எண், எல்லாமே தடம்தான். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கொடுக்கும் கட்டணமில்லாச் சீட்டு எங்கும் பதிவாகாது. வெளியேறும் நாளின் முதல் சில கிலோமீட்டருக்கு அதைவிட நல்ல வாகனம் இல்லை.

குழந்தைகளின் டேப், அப்பா வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் வாட்ச், பையின் உள்மடிப்பில் தைத்த ஒரு சின்ன ட்ராக்கர் ஆகியவற்றையும் பாருங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் 'சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி' பகுதியில் 'அன்நோன் டிராக்கர் அலர்ட்ஸ்' இருக்கிறது. அதை இயக்கி, ஒருமுறை கையாலும் ஸ்கேன் செய்யுங்கள். அது எல்லா வகை ட்ராக்கரையும் பிடிக்காது என்பதால் பையை ஒருமுறை கவிழ்த்துத் தடவிப் பார்ப்பதும் நல்லது.

சாட்சியத்தைப் பொறுத்தவரை எந்த வழி மேல்?

விட்டுவைப்பதுதான். ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் அது கூகுள் போட்டோஸ் வழியாக அவருக்கே போகக்கூடும். இன்னொரு போனால் திரையைப் படமெடுங்கள், அனுப்பியவரின் எண்ணும் தேதியும் நேரமும் தெரியும்படி. ஒரே முறை திறந்து பார்க்க முடிகிற 'வியூ ஒன்ஸ்' படங்களுக்கு இது ஒன்றே வழி. அசல் செய்தியை அழிக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்தோடு சான்றிதழ் இணைக்க வேண்டும். அசல் போன் கையில் இருந்தால் அது சிக்கலில்லாமல் முடியும்.

பதிலுக்கு அவருடைய போனை ரகசியமாகத் திறக்கும் யோசனையை வக்கீலைக் கேட்காமல் தொடாதீர்கள். மனைவிக்குத் தெரியாமல் எடுத்த மனைவியின் அழைப்பு விவரங்களைக் கணவர் தாக்கல் செய்ததை, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 அக்டோபரில் ஏற்க மறுத்தது. தம்பதியின் உரையாடலை ஒருவர் ரகசியமாகப் பதிந்ததை மணவிலக்கு வழக்கில் ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் 2025 ஜூலையில் சொன்னது. எந்தப் பதிவு எந்த நீதிமன்றத்தில் நிற்கும் என்பதை நாமாக ஊகிக்கக் கூடாது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டையும் மின்னஞ்சலையும் கண்காணிப்பது, புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 78-ஆம் பிரிவின்கீழ் பின்தொடர்தல் குற்றத்தில் அடங்கும். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் கிடைக்கும் பாதுகாப்பு ஆணையில், போன் வழியாகவோ மின்னணு முறையிலோ தொடர்புகொள்ளவே கூடாது என்றும் கேட்கலாம். காப்பகத்தில் தங்கினால், நீங்கள் அங்கே இருப்பதை அவருக்குத் தெரிவிக்கக் கூடாது என்று கேட்க உரிமை உண்டு. முதல் நாளே கேளுங்கள். மகளிர் உதவி எண் 181 இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது, அவசரத்துக்கு 112, இணையக் குற்றத்துக்கு 1930. எந்த எண்ணை அழைத்தாலும் போனின் கால் லாக்கில் பதியும். சிம் நிறுவனத்தின் செயலியில் அவர் லாக்இன் ஆகியிருந்தால் அழைப்பு விவரம் அங்கேயும் தெரியக்கூடும். அழிப்பதைவிட, அந்தப் போனிலிருந்து அழைக்காமல் இருப்பது மேல். அந்தரங்கப் படங்களை வெளியிடுவேன் என்ற மிரட்டல் இருந்தால் 'ஸ்டாப் என்சிஐஐ' (StopNCII) தளம் உதவும். படம் உங்கள் போனைவிட்டு வெளியே போகாது, படத்திலிருந்து கணக்கிட்ட ஓர் அடையாளக் குறியீடு மட்டும் சமூக ஊடகங்களுக்குப் போகும்.

வெளியேறும் நாளில் பழைய போனைத் தூக்கி எறியாமல், அணைத்து, சிம்மைக் கழற்றித் தனியே வைத்து எடுத்துச் செல்லுங்கள். ஐபோன் என்றால் அணைக்கும் திரையில் 'அணைத்தபின்னும் கண்டுபிடிக்கலாம்' என்ற பொருளில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டு, கண்டுபிடிக்கும் வசதியை நிறுத்திவிட்டுப் பிறகு அணையுங்கள். ஆண்ட்ராய்டிலும் சில புதிய மாடல்கள் அணைந்த நிலையில் இருப்பிடம் காட்டும். முடிந்தால் அந்தப் போனை நீங்கள் தங்கும் இடத்துக்குக் கொண்டுபோகாமல் வக்கீலிடமோ நம்பிக்கையானவரிடமோ விட்டுவையுங்கள்.